ஊமைப்படத்துக்குப் புது மேளம்

1928இல் எடுக்கப்பட்ட ‘ஷிராஸ்’ என்ற ஊமைப்படம் 2017 நவம்பரில் இந்தியாவில் மறுபடியும் ஊர் சுற்றியது. குயவர் வீட்டில் வளர்ந்த ஒருவன், தான் காதலித்த பெண்ணின் நினைவாகத் தாஜ்மகாலை வடிவமைத்தான் என்று கற்பனை செய்யும் கதை. ஹிமான்சு ராய் தயாரித்து நாயகனாகவும் நடித்தார். ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஓஸ்டன் இயக்கினார். பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் காப்பகம் அந்தப் படத்தைச் சீரமைத்துத் தந்தது. அனுஷ்கா சங்கர் அதற்குப் புதிதாக இசையமைத்து, தம் குழுவோடு மேடையில் அமர்ந்து சிதார் வாசித்தார். அக்டோபரில் லண்டன் பார்பிகன் அரங்கில் முதல் காட்சி. பிறகு ஹைதராபாத், கொல்கத்தா, டெல்லி, மும்பை. சென்னைக்கு அது வரவில்லை.

வந்திருந்தால் இங்கேயும் ஒரு நல்ல விவாதம் நடந்திருக்கும். ஒரு பழைய படத்தைக் கீறல் நீக்கி, அழுக்கெடுத்து, அதன் முதல் உருவத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அதே கையோடு, படம் எடுத்த காலத்தில் யாருமே கேட்டிராத இசையை அதன் மேல் ஏற்றுகிறார்கள். பழமையை மீட்பதும் புதுமையைப் புகுத்துவதும் ஒரே வேலையில் சேர்ந்து நடப்பது சரியா? மேற்கில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் இது அதிகம் பேசப்படவில்லை. பேசுவதற்கு நம்மிடம் படங்களே மிச்சமில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

ஊமைப்படக் கொட்டகையில் அமைதி இருந்ததே இல்லை என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1905இல் திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், அங்கே வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். தென்னாட்டில் டென்ட் கொட்டகை அப்படித்தான் வேர்விட்டது. அந்தக் காலத்துக் காட்சிகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். எழுத்தட்டை வந்தால் படிக்கத் தெரியாதவர்களுக்காக உரக்க வாசிப்பார். கீழே ஆர்மோனியமும் தபேலாவும் இருக்கும். துரத்தல் வந்தால் தாளம் முடுக்கும், அழுகை வந்தால் ஆர்மோனியம் இழுக்கும். வெள்ளைக்காரர்கள் வந்துபோன சென்னை அரங்குகளில் பியானோ ஒலித்தது. ஜப்பானில் இந்தக் கதைசொல்லிகளுக்கு பென்ஷி என்று பெயர், நடிகர்களுக்கு இணையான புகழும் இருந்தது. தமிழ்நாட்டுக் கதைசொல்லிகளின் பெயர்கள்கூட நமக்கு அதிகம் மிஞ்சவில்லை. பறவைகளைப் பற்றியும் காடுகளைப் பற்றியும் எழுதிய அதே அக்கறையோடு சு. தியடோர் பாஸ்கரன் இந்தக் காலத்தைத் தேடி எழுதியிராவிட்டால் இந்த அளவுகூடத் தெரிந்திருக்காது.

ஆக, பெரும்பாலான ஊமைப்படங்களுக்கு ‘இதுதான் இசை’ என்று ஒன்று கிடையாது. செங்கல்பட்டில் கேட்டது வேறு, கும்பகோணத்தில் கேட்டது வேறு. மாலைக் காட்சிக்கும் இரவுக் காட்சிக்கும்கூட வேறுபட்டிருக்கலாம். இந்த நிலையில், புது இசை சேர்ப்பதே படத்துக்குச் செய்யும் துரோகம் என்று சொல்வதற்கு இடமில்லை. எந்த இசை, எப்படிச் சேர்க்கப்படுகிறது, சேர்க்கும்போது படத்துக்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

விதிவிலக்குகளும் உண்டு. சில பெரிய படங்களுக்கு இசையமைப்பாளர்கள் காட்சிக்குக் காட்சி முழு இசை எழுதினார்கள். அவற்றில் முக்கியமானது ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’. 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியானபோது சுமார் இரண்டரை மணி நேரம் ஓடியது. காட்ஃபிரீட் ஹுப்பர்ட்ஸ் அதற்கென்றே வாத்தியக்குழு இசை எழுதியிருந்தார். படம் பணத்தை மீட்கவில்லை. வெளியிட்டவர்கள் வெட்டினார்கள். அமெரிக்காவில் கதையையே மாற்றி வெட்டினார்கள். முழுப்படம் உலகத்தில் எங்குமே இல்லாமல் போயிற்று.

1984இல் ஜார்ஜியோ மொரோடர் வந்தார். டிஸ்கோ இசையில் பெயர் எடுத்தவர், ‘மிட்நைட் எக்ஸ்பிரஸ்’ படத்துக்காக ஆஸ்கார் வாங்கியவர். கிடைத்த துண்டுகளைத் தேடிச் சேர்த்து, கறுப்பு வெள்ளைக் காட்சிகளுக்கு நிறச்சாயம் ஏற்றி, எழுத்தட்டைகளை எடுத்துவிட்டுத் திரையின் அடியில் வரிகளைப் போட்டு, எண்பது நிமிடச் சொச்சத்துக்குள் படத்தை அடக்கினார். ஃபிரெடி மெர்க்குரி, போனி டைலர், பாட் பெனட்டார், ஆடம் ஆன்ட் போன்றோரைப் பாடவைத்தார். ஊமைப்படத்துக்குள் வார்த்தைகளுள்ள ராக் பாட்டு! விமர்சகர்கள் பலர் கொதித்தார்கள். ஆனால் ஊமைப்படம் என்றாலே ஓடிவிடக்கூடிய ஒரு தலைமுறை அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தது அவர் மூலமாகத்தான்.

மொரோடரின் சிந்தசைசரில் குற்றம் காண வேண்டியதில்லை. எதிர்கால நகரத்தையும் இயந்திர மனுஷியையும் காட்டும் படத்துக்கு மின்னணு ஒலி பொருந்தாது என்று யார் சொல்ல முடியும்? குற்றம் அவர் பிடித்த கத்தரிக்கோலில் இருந்தது. படத்தின் வேகம், எழுத்தட்டைகள், நிறம், நீளம் நான்கும் இசைக்காக வளைந்து கொடுத்தன. வளைய வேண்டியது இசைதான்.

இதன் மறுபக்கத்தைக் காட்டவும் அதே ‘மெட்ரோபோலிஸ்’ உதவுகிறது. 2008இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய முழுமையான பிரதி ஒன்று அகப்பட்டது. கீறல் விழுந்த 16 மில்லிமீட்டர் நகல். எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி வரவேண்டும், எங்கே எவ்வளவு நேரம் காணாமல் போயிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கச் சீரமைப்பாளர்களுக்கு வழிகாட்டியது ஹுப்பர்ட்ஸ் எழுதிய பழைய இசைத்தாள். திரையில் என்ன நடக்கும்போது எந்த இசை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை அவர் அதில் எழுதி வைத்திருந்தார். 2010 பிப்ரவரியில் பெர்லினில் அந்த இசையோடே படம் மறுபடியும் திரையேறியது. பழைய இசை கையில் இருக்கும்போது அதை ஓரங்கட்டிவிட்டுப் புதியதை மட்டும் ஒட்டினால், படத்தைப் பற்றிய ஒரு சாட்சியத்தையே இழக்கிறோம்.

இசை சேர்ப்பது படத்தின் உடம்பையே பாதிக்கும் என்பது பலருக்குத் தெரியாத விஷயம். ஊமைப்படக் காமிராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்கு 16 சட்டகம், 18, 20 என்று ஆளுக்கும் காட்சிக்கும் ஏற்ப வேகம் மாறும். பேசும்படம் வந்ததும் வேகம் 24இல் நிலைத்தது. பழைய படங்களை அப்படியே 24இல் ஓட்டியதால்தான் மனிதர்கள் குடுகுடுவென்று ஓடுகிறார்கள். சாப்ளின் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த நம்மில் பலர், அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நடித்தார்கள் என்றே நம்பிவிட்டோம். இன்னொரு சேதமும் உண்டு. ஊமைப்படத்தில் சுருளின் அகலம் முழுக்கப் படமே இருக்கும். பேசும்படத்தில் ஓரமாக ஒலித்தடம் ஓடும். பழைய படத்துக்கு இசை சேர்த்து ஒலித்தடத்தோடு நகல் எடுத்தபோது, பல நகல்களில் படத்தின் இடது ஓரம் வெட்டுப்பட்டது. ஓரத்தில் நிற்கும் துணைப் பாத்திரத்தின் தோள் காணாமல் போகும். நடுவில் இருக்க வேண்டிய நாயகி சற்றுத் தள்ளி நிற்பாள். டிஜிட்டல் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. படத்தைத் தொடாமலே பத்து விதமான இசையைப் பக்கத்தில் வைக்கலாம். ஆகவே இன்று படத்தை வெட்டுகிறவர் தொழில்நுட்பத்தின் மேல் பழி போட முடியாது.

கார்ல் டிரையரின் ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ (1928) ஒரே படத்துக்குப் பல இசைகள் இருக்கலாம் என்பதற்கு அழகான சான்று. மூலப் பிரதி தீயில் போனதாக நம்பப்பட்ட படம். 1981இல் நார்வேயின் ஆஸ்லோ அருகே ஒரு மனநல மருத்துவமனையில் அதன் நல்ல பிரதி கிடைத்தது. அதற்கு முன்பே, 1950களின் தொடக்கத்தில், லோ டூக்கா என்பவர் பாஹ், விவால்டி இசைத் துண்டுகளை ஒட்டி ஒரு பதிப்பை வெளியிட்டிருந்தார். டிரையருக்கு அது பிடிக்கவில்லை. உயர்ந்த இசைதான், ஆனால் வேறெதற்கோ எழுதப்பட்டது. 1994இல் அமெரிக்க இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஐன்ஹார்ன் அந்தப் படத்தின் தூண்டுதலில் ஒரு பாடற்குழு இசை எழுதினார். இடைக்காலப் பெண்களின் எழுத்துகளிலிருந்து வரிகளை எடுத்துக்கொண்டார். ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டியின் முகத்தை அண்மையில் காட்டும் அந்தப் படத்தோடு அது சேர்ந்து ஒலிக்கும்போது மேலே பூசிய பூச்சாகத் தெரிவதில்லை. இன்று கிடைக்கும் நல்ல வட்டுப் பதிப்பில் இரண்டு வேகங்களிலும் படம் இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட இசைகளும் இருக்கின்றன. பார்ப்பவர் தேர்ந்துகொள்ளலாம். வெர்ட்டோவின் ‘மூவி காமிராவோடு ஒரு மனிதன்’ படத்துக்கும் அலாய் ஆர்க்கெஸ்ட்ரா, மைக்கேல் நைமன், சினிமாட்டிக் ஆர்க்கெஸ்ட்ரா என்று மூன்று தரப்பினர் மூன்று திசையில் இசை தந்திருக்கிறார்கள்.

படைத்தவரே மாற்றினால்? சாப்ளின் 1925இல் எடுத்த ‘கோல்டு ரஷ்’ படத்தை 1942இல் எடுத்து வெட்டி, எழுத்தட்டைகளை நீக்கி, தாமே எழுதிய இசையையும் தம் குரலில் வருணனையையும் சேர்த்தார். உரிமை அவருடையது. ஆனாலும் பழைய ஊமைப் பதிப்பைத் தேடிச் சேர்க்கப் பின்னால் வந்தவர்கள் பெரும்பாடு பட்டார்கள்.

இந்தியப் படங்களுக்கு வருவோம். ஹிமான்சு ராயும் ஓஸ்டனும் சேர்ந்து மூன்று ஊமைப்படங்களைத் தந்தார்கள்: 1925இல் புத்தர் கதை, 1928இல் ‘ஷிராஸ்’, 1929இல் ‘பிரபஞ்ச பாஷ்’. மூன்றாவது படத்தை ஆங்கிலத்தில் ‘எ த்ரோ ஆஃப் டைஸ்’ என்பார்கள். மகாபாரதச் சூதாட்டத்திலிருந்து கரு எடுத்த படம். ஒரே பெண்ணை விரும்பும் இரண்டு அரசர்கள், கள்ளப் பகடை, அடிமையாகும் அரசன். ஆயிரக்கணக்கான ஆட்களும் குதிரைகளும் யானைகளும் திரையை நிறைக்கும். பிரிட்டிஷ் காப்பகம் அதைச் சீரமைத்த பிறகு நிதின் சாஹ்னி இசையமைத்தார். இந்திய விடுதலையின் அறுபதாவது ஆண்டையொட்டி, 2007 ஆகஸ்ட் 30 அன்று லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் திறந்தவெளியில், லண்டன் சிம்பொனி வாத்தியக்குழு நேரில் வாசிக்க, படம் ஓடியது. அதே சதுக்கத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன் பெட் ஷாப் பாய்ஸ் இருவர் ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ படத்துக்கு மின்னணு இசை வாசித்திருந்தார்கள்.

சாஹ்னியின் இசை பெரியது, செழிப்பானது. தபேலாவும் மேற்கத்திய நரம்பிசையும் குரலும் கலந்து வரும். ஊர்வலக் காட்சிகளில் அந்தப் பெருக்கம் படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஆனால் இரண்டு பேர் மட்டும் இருக்கும் காட்சிகளில் பாட்டு குறுக்கே வந்து நிற்கிறது. நாயகி சீதா தேவியின் கண் சொல்லிக்கொண்டிருப்பதை இசையும் சொல்லத் தொடங்கிவிடுகிறது. ‘ஷிராஸ்’ படத்தில் அனுஷ்கா சங்கர் இசையைச் சிக்கனமாகச் செலவு செய்கிறார். இந்துஸ்தானி ராகங்களும் மேற்கத்திய வாத்தியங்களும் அங்கேயும் உண்டு. இருந்தாலும் நடிப்பு நடக்கும்போது இசை ஒதுங்கி நிற்கிறது. இரண்டில் எது நல்ல துணை என்றால் ‘ஷிராஸ்’ என்று தயங்காமல் சொல்லலாம். இரண்டுமே படத்தின் ஒரு சட்டகத்தையும் வெட்டவில்லை என்பதற்காக இருவரையும் பாராட்ட வேண்டும்.

இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. பேசும்படங்களைப் புதுப்பித்து வெளியிடும்போது நடப்பது வேறு. 2004இல் ‘முகல்-ஏ-ஆஸம்’ வண்ணத்தில் வந்தபோது, பாடகர்களின் பழைய குரலை வைத்துக்கொண்டு வாத்திய இசையைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். நௌஷாத் அப்போது உயிரோடு இருந்தார், அந்த வேலையில் அவருக்குப் பங்கு இருந்தது. தமிழில் ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டல் ஒலியோடு வந்து நூறு நாள் தாண்டி ஓடியது. அங்கெல்லாம் ஏற்கெனவே ஒரு இசையமைப்பாளரின் முடிந்த வேலை இருக்கிறது. அதில் கை வைக்கிறவர் இன்னொருவர் எழுதியதைத் திருத்துகிறார். ஊமைப்படத்துக்கு இசையமைப்பவர் காலியாக விடப்பட்ட ஆசனத்தில் உட்காருகிறார். முன்னதற்கு இருக்க வேண்டிய அச்சம் பின்னதற்குத் தேவையில்லை.

நம் ஆசனங்களோ பெரும்பாலும் படத்தோடு சேர்ந்தே போய்விட்டன. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் ஏறத்தாழ 1,300. துண்டும் முழுமையுமாக எஞ்சியவை முப்பதை ஒட்டித்தான். சென்னைப் புரசைவாக்கத்தில் மில்லர்ஸ் சாலையில் கொட்டகை போட்டு ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். அதன் ஒரு அடிகூட இல்லை. அடுத்து அவர் எடுத்த ‘திரௌபதி வஸ்திராபகரணம்’ இல்லை. அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி. டேனியலின் ‘விகதகுமாரன்’ இல்லை.

தென்னிந்தியாவிலிருந்து ஏறக்குறைய முழுதாகப் பிழைத்தது ஒன்றே ஒன்று: ‘மார்த்தாண்ட வர்மா’, 1933. நாகர்கோவில்காரரும் டேனியலின் உறவினருமான ஆர். சுந்தர்ராஜ் தயாரித்தார், பி.வி. ராவ் இயக்கினார். சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைப் பதிப்பகத்தின் அனுமதி பெறாமல் படமாக்கியதால் வழக்கு வந்து, திருவனந்தபுரத்தில் வெளியான சில நாளிலேயே பிரதி பறிமுதலானது. தயாரிப்பாளரைக் கவிழ்த்த அந்த வழக்குதான் படத்தைக் காப்பாற்றியது. ஊர் ஊராக ஓடியிருந்தால் சுருள் தேய்ந்து குப்பைக்குப் போயிருக்கும். முடங்கிக் கிடந்த பிரதியை 1974இல் புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் எடுத்துக்கொண்டது.

இந்தப் படத்துக்கு யார் இசை தரவேண்டும்? லண்டன் சிம்பொனியா? குமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் இருக்கிறார்கள். திருவிதாங்கூர் அரசன் மார்த்தாண்ட வர்மாவோடு அரியணைக்காக மோதி மாண்ட தம்பிமாரின் கதை அங்கே வில்லடித்துப் பாடும் கதைப்பாடலாகவே உண்டு. படம் அரசனின் பக்கத்தில் நின்று கதை சொல்கிறது, பாட்டு தம்பிமாருக்காக அழுகிறது. வில்லும் உடுக்கையும் குடமும் வைத்துக்கொண்டு, அந்தக் கதையைப் பரம்பரையாகப் பாடி வந்தவர்கள் இந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால், வேறெந்த நாட்டிலும் கேட்க முடியாத ஊமைப்பட இசை பிறக்கும். ஊமைப்படக் கொட்டகையில் இருந்த கதைசொல்லியும் அவர்களோடு திரும்பி வருவார்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு இதே வாய்ப்பு ‘பிரபஞ்ச பாஷ்’ என்ற பகடைப் படத்தில் இருக்கிறது. மதுராந்தகம் சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். சூதாட்டமும் துகிலுரிதலும் வரும் ‘பகடைத் துயில்’ கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்த பெரியவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், இவைதான் கூத்தின் பக்கவாத்தியம். இதில் ஆர்மோனியம் அன்றைய படக்கொட்டகையிலும் இருந்தது. நடிகரின் கை அசைவைப் பார்த்து அடியை மாற்றுவதும், வசனத்துக்கு இடம் விட்டு ஒதுங்குவதும் கூத்து வாத்தியக்காரருக்குக் கைவந்த வேலை. ஊமைப்படத்துக்கு இசை வாசிக்கத் தேவையான பயிற்சியும் அதுவேதான். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. இராஜகோபால் முன்னின்று வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம் இந்தக் கலையை இளையவர்களிடம் கொண்டு சேர்த்திருக்கிறது. கள்ளப் பகடை உருளும் அந்தக் காட்சிக்கு முகவீணை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டுப் பார்க்க வேண்டாமா?

கிராமியம் என்பதற்காகவே எல்லாம் நன்றாக வந்துவிடும் என்று நம்பவும் கூடாது. கூத்தின் குரல் பெரியது. திரையில் வரும் அண்மைக் காட்சியோடு அது மோதும். படத்தைப் பல முறை ஓட்டிப் பார்த்து, எங்கே அடி வேண்டும், எங்கே வெறுமனே இருக்க வேண்டும் என்று ஒத்திகை செய்தாக வேண்டும். மின்னணு இசை தெரிந்த இளைஞர் ஒருவர் அந்தக் குழுவோடு சேர்ந்தால் அதுவும் நல்லதே. நவீனம் என்பதை சிந்தசைசருக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட வேண்டியதில்லை.

எங்கே காட்டுவது என்றால், செங்கல்பட்டு மாவட்டத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. வேடந்தாங்கல் ஏரிக்கரை மட்டும் வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே கூடுகட்டும் பறவைகளுக்கு ஒலிபெருக்கி ஆகாது, அந்த ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் ஒழுங்கு அது. மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறை ஆண்டுதோறும் டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழா நடத்துகிறது. மேடை, விளக்கு, நாற்காலி, வெளிநாட்டுப் பார்வையாளர் எல்லாம் தயார். முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்தில் சென்னைத் தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்து மாணவர்களும் ரோஜா முத்தையா நூலகத்துப் பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன.

சட்டமும் தடையாக இல்லை. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு உரிமைக் காலம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ‘மார்த்தாண்ட வர்மா’ அதை எப்போதோ தாண்டிவிட்டது. புதிதாக எழுதும் இசைக்குத் தனி உரிமை உண்டு, அது எழுதிய கலைஞர்களுக்கே சேர வேண்டும். பிரதிகள் மட்டும் அந்தந்தக் காப்பகத்தின் கையில் இருக்கின்றன. ஆகவே வேண்டுகோள் இரண்டு பேருக்கு. புனே காப்பகம் ‘மார்த்தாண்ட வர்மா’வை வில்லுப்பாட்டுக் குழு ஒன்றிடம் கொடுத்துப் பார்க்கட்டும். தமிழ்நாட்டுச் சுற்றுலாத் துறை மாமல்லபுரம் விழாவில் ஓர் இரவை ஒதுக்கி, பகடைப் படத்தைக் கூத்து வாத்தியங்களோடு திரையிடட்டும். படத்தில் ஒரு சட்டகத்தையும் வெட்டாமல், அதற்குரிய வேகத்தில்.